தாடியில்லாத ராஜாவின் மூன்று ரூபாய்

எனக்கு எதையும் முழுதாகக் கேட்கும் பொறுமை கிடையாது. பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மீதியை நானே முடித்துவிடுவேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை நிற்க மாட்டாமல் இரண்டிலேயே இறக்கி, வேகாத பருப்பைக் கணவருக்குப் பரிமாறியவள் நான். இப்படிப்பட்டவளுக்குப் போய் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. தராசு முள் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய வேலை. அங்கே மட்டும் எப்படியோ நின்றேன். வேறு எதற்கும் காத்திராதவள் தராசுக்குக் காத்திருந்ததால், தராசு சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பீளமேட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். கணவருக்கு மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் உத்தியோகம். மகளுக்கு இரண்டரை வயது. நான் பிறந்த வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள். அங்கே அம்மா, அண்ணன், அண்ணன் மனைவி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம், கூப்பிடும்போது நங்கையா.

நங்கை அதிகம் பேச மாட்டார். அவர் வாயில் ஓயாமல் வரும் சொல் ஒன்றுதான்: போச்சாதுங்க. எங்கள் ஊர்ச் சொல். போனால் போகட்டும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம். என் மகள் பால் டம்ளரைப் புதுப்பாயில் கவிழ்த்தால் போச்சாதுங்க. அண்ணன் சந்தையில் ஏமாந்து சொத்தைக் கத்தரிக்காயை வாங்கி வந்தால் போச்சாதுங்க. நான் போகிற வருகிற நேரமெல்லாம் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட்டு, பஸ் ஏறும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால், பையில் முருங்கைக்காயைத் திணித்தபடி அதே போச்சாதுங்க. அந்தச் சொல் எனக்கு எரிச்சலாக இருக்கும். இவருக்குக் கோபமே வராதா, இல்லை வந்தும் மறைக்கிறாரா என்று யோசிப்பேன்.

மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் மடியில் அவள் போட்ட கூச்சலில் பூசாரியே ஒரு எட்டு தள்ளி நின்றார். தாய்மாமன் சீர்த்தட்டை நங்கை ஏந்தி வந்தார். தேங்காய், பழம், பாவாடை சட்டை, காதுக்குக் கம்மல், நடுவில் வெற்றிலை மேல் ஏழு வெள்ளி ரூபாய். அம்மாவின் கல்யாணத்துக்கு அவருடைய பிறந்த வீட்டார் கொடுத்த ரூபாய்கள். பீரோவுக்குள் ஒரு பித்தளைச் செம்பில் கிடந்தவை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பீரோ சாவி நங்கையின் இடுப்பில்தான் இருந்தது. "பேத்திக்கு ஒரு அரைஞாண் கொடி அடிச்சுப் போட்டுடு கண்ணு" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஏழையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீராக வந்ததை எடுத்துத் தட்டிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஒவ்வொன்றாகச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் விட்டேன். நான்கு ரூபாய் 'ணங்' என்று நீளமாகப் பாடின. மூன்று 'ணக்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டன.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர், "அத்தனை வருஷம் செம்புக்குள்ள கெடந்த காசு. தொண்டை கட்டியிருக்கும், விடு" என்றார்.

விடுகிற ஆளா நான்? பாடிய நான்கிலும் தாடி வைத்த ராஜா. ஊமையான மூன்றிலும் தாடியில்லாத ராஜா, அந்தத் தாடிக்காரருக்குப் பின் வந்தவர். தேய்ந்த இடங்களில் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. மூன்றும் ஒரே ராஜா, மூன்றும் ஊமை. இதை வைத்து நேராக யோசிக்கத் தெரிந்தவள் சரியான இடத்துக்குப் போயிருப்பாள். நான் போனது வேறு வழி. யாரோ மூன்று நல்ல ரூபாயை எடுத்துக்கொண்டு, மூன்று கள்ள ரூபாயை ஒரே இடத்தில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று முடிவு கட்டினேன். யாரோ என்ன யாரோ, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

அன்று முதல் இருப்புக் கொள்ளவில்லை. ஏழு ரூபாயையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கல்லூரிக்குப் போனேன். மதிய இடைவேளையில் ஆய்வகத்தைச் சாத்திக்கொண்டு, காற்றில் ஒரு எடை, நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டு ஒரு எடை என்று எடுத்தேன். காற்றில் ஏழும் ஒரே எடை, ஒரு தோலா. தண்ணீரில்தான் குட்டு வெளிப்பட்டது. தாடிக்காரர் நால்வருக்கும் அடர்த்தி பத்தைத் தாண்டி நின்றது. மற்ற மூன்றும் ஒன்பதரையில் நின்றன. வெள்ளி என்றால் பத்துக்கு மேல் இருக்க வேண்டும். எடையைச் சரியாக வைத்து ஏமாற்றியிருக்கிறான், கெட்டிக்காரன் என்று அந்தக் கள்ளனைக்கூட மெச்சிக்கொண்டேன்.

லென்ஸ் வைத்து ஓரத்தைப் பார்த்தேன். நல்ல ரூபாய்களின் ஓரத்தில் வெறும் பல்வரிசை. இந்த மூன்றில் பல்வரிசைக்கு நடுவே ஒரு பள்ளம், காசைச் சுற்றி முழுவட்டமாக ஓடியது. இரண்டு வெள்ளித் தகட்டுக்கு நடுவில் மட்டமான உலோகத்தை வைத்து ஒட்டிய இடம் அதுதான் என்று எனக்கு நானே சொன்னேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கணக்கை ஒரு காகிதத்தில் அழகாக எழுதி மடித்து வைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இருந்தாலும் இன்னொரு வாய் சொல்ல வேண்டும் என்று டவுனுக்குப் போனேன். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் உரைகல் வைத்துப் பார்க்கிற ஆசாரி ஒருவர் இருந்தார். தாடியில்லாத ரூபாயைக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு திராவகம் விட்டு, குனிந்து பார்த்தார்.

"வெள்ளி மட்டமுங்க. பாதிக்குப் பாதி செம்பு கிம்பு கலந்திருக்குது. இந்தத் தலை போட்ட காசு..."

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சந்தின் பாதிக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில், கிணத்துக்கடவு வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் பத்து தரம் சொல்லிப் பார்த்தேன். அம்மாவிடம் தனியாகச் சொல்வதா, எல்லார் முன்னாலும் சொல்வதா என்றும் யோசித்தேன். தனியாக என்றுதான் தீர்மானித்திருந்தேன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து, அம்மா கட்டிலில் உட்கார்ந்திருப்பதையும் நங்கை பக்கத்தில் நின்று அவர் கண்ணுக்கு மருந்து விடுவதையும் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அம்மா, நீங்க குடுத்த ரூவாயில மூணு போலிங்க. காலேஜுல வெச்சுச் சோதிச்சுப் பார்த்துப்போட்டேன். டவுன்ல ஆசாரியும் சொல்லிப்போட்டார்."

மட்டம் என்று அவர் சொன்னதை நான் போலி என்று மாற்றிச் சொல்கிறேன் என்பது அந்த நிமிடம் எனக்கே தெரியவில்லை. இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

அம்மா மருந்து வழிந்த கண்ணோடு நிமிர்ந்தார். "செம்புல நாந்தானே கண்ணு போட்டு வெச்சேன். அதுல எப்படிப் போலி வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேனுங்க. சாவி யாருகிட்ட இருக்குதுங்க?"

இந்தக் கேள்வியைத் திருப்பி வாங்க நான் பிறகு எவ்வளவோ கொடுக்கத் தயாராக இருந்தேன். நங்கை மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினார். அலமாரியில் வைத்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மணி, நீங்க படிச்சவங்க. தராசுல வெச்சுப் பார்த்தேன்னு சொல்றீங்க. நான் என்னத்தைச் சொல்றதுங்க? நான் எடுக்கலீங்க."

அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தோப்பிலிருந்து வந்த அண்ணன்தான் என்மேல் பாய்ந்தார். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? சீர் வாங்குனவ அதைத் தண்ணிக்குள்ள போட்டுப் பார்ப்பாளா?" என்றார். நான் கணக்குப் போட்ட காகிதத்தை நீட்டினேன். அதைக் கையால்கூடத் தொடாமல் வெளியே போய்விட்டார். சாப்பிடாமலே பஸ் ஏறினேன். அன்று பையில் முருங்கைக்காய் இல்லை.

ஒரு மாதம் கழித்து நங்கை பீளமேட்டுக்குத் தனியாக வந்தார். டவுன் பஸ்ஸில் தனியாக வந்து பழக்கமில்லாதவர், இரண்டு இடத்தில் இறங்கி விசாரித்து வந்ததாகச் சொன்னார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடி கொலுசை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் கல்யாணத்துக்குப் போட்டு வந்த கொலுசு.

"இதையும் சேர்த்துக் கொடி அடிச்சுப்போடுங்க அம்மணி. தாய்மாமன் சீரு குறைஞ்சுதுன்னு இருக்கக் கூடாதுங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் வாரேனுங்க என்று கிளம்பிவிட்டார். கொலுசில்லாத கால் படியிறங்கிப் போனதைப் பார்த்தபடி நின்றேன். பாருங்கள் என் புத்தியை: எடுக்காதவர் எதற்காக ஈடு கட்ட வேண்டும், ஆக எடுத்தவர் இவர்தான் என்று நினைத்தேன். அந்தக் கொலுசையும் நல்ல நான்கு ரூபாயையும் உருக்கி மகளுக்குக் கொடி அடித்துப் போட்டேன். போலி மூன்றையும் சாட்சிக்காக மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் அம்மா சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் பீரோவைத் தானே தடவித் தடவித் திறந்தார். காபித்தூள் டின்னைக்கூடத் தன் கட்டிலடியில் வைத்துக்கொண்டதாக அண்ணன் ஒருமுறை கசப்போடு சொன்னார். நங்கை ஒவ்வொரு காலையும் அம்மாவிடம் போய்க் காபித்தூள் கேட்டு வாங்கினார். அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். நான்கு நாளும் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டியது நங்கை. மூன்றாம் நாள், அவர் கஞ்சி வாங்கப் போன நேரம், அம்மா என் உள்ளங்கையில் சாவியை வைத்து அழுத்தினார்.

"நீயே வெச்சுக்க கண்ணு. அவகிட்டக் குடுத்துப்போடாதே."

வாங்கிக்கொண்டேன். மறுநாள் அம்மா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பினேன். அடர்த்தி கண்டுபிடிக்கும் சோதனை வந்தது. வழக்கமாகப் பித்தளைத் துண்டை வைத்துத்தான் செய்வோம். எனக்கு அலட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு. அம்மா போன பின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. "உங்க வீட்டுல பழைய வெள்ளி ரூபாய் இருந்தா கொண்டு வாங்க. நல்லதா போலியான்னு அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்" என்று மாணவிகளிடம் சொன்னேன்.

அடுத்த வகுப்பில், முதலில் ஒரு கருமத்தம்பட்டிப் பெண் ஒரு ரூபாயை நீட்டினாள். தறிக் குடும்பத்துப் பெண். தாடியில்லாத ராஜா. தண்ணீரில் ஒன்பதரை. ஓரத்தில் அதே பள்ளம். "போலி" என்றேன், வகுப்பு முழுவதும் கேட்கும்படி. அவள் முகம் சுருங்கிப்போனது. "எங்க அம்மா பொறந்த வீட்டுல குடுத்ததுங்க மிஸ்" என்றாள்.

அடுத்து அன்னூர்ப் பெண் ஒன்று கொண்டுவந்திருந்தாள். தாடி ராஜா, பத்துக்கு மேல். நல்லது. சூலூர்ப் பெண்ணிடம் இரண்டு. ஒன்று தாடி, நல்லது. ஒன்று தாடியில்லாதது, ஒன்பதரை, பள்ளம். உக்கடத்திலிருந்து வரும் பெண்ணிடம் தாடியில்லாதது ஒன்று. ஒன்பதரை, பள்ளம். சிங்காநல்லூர்ப் பெண்ணிடமும் அதுவே, ஒன்பதரை, பள்ளம்.

கையில் நூலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கருமத்தம்பட்டியிலும் சூலூரிலும் உக்கடத்திலும் சிங்காநல்லூரிலும் இருக்கிற மருமகள்கள் எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு ஒரே கள்ளனிடமா போயிருப்பார்கள்? அதுவும் மாமியார் செம்பில் எந்த ராஜா இருந்தாலும் விட்டுவிட்டு, தாடியில்லாத ராஜாவை மட்டுமா மாற்றியிருப்பார்கள்?

"மிஸ், எங்க காசு போலிங்களா?" என்று கருமத்தம்பட்டிப் பெண் மறுபடி கேட்டாள்.

"இல்லை கண்ணு. நான்தான்" என்று ஏதோ சொன்னேன். வாக்கியத்தை முடிக்கவில்லை.

அன்றைக்கே கல்லூரி நூலகத்தில் நாணயங்களைப் பற்றிய ஒரு தடிமனான புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துபோகிற விஷயம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், தாடியில்லாத ராஜாவின் காலத்தில், வெள்ளி தட்டுப்பாடு வந்ததால் சர்க்காரே ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. எடையை மாற்றவில்லை. கள்ள நாணயம் அடிக்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று ஓரத்தின் நடுவே ஒரு பள்ளமும் போட்டது. நான் லென்ஸ் வைத்து எதைப் பார்த்து ஒட்டு என்று கூவினேனோ, அதுதான் அது நல்ல ரூபாய் என்பதற்கு அடையாளம். இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் எழுத்து தெரியவில்லை.

பெரிய கடைவீதிச் சந்துக்கு ஓடினேன். ஆசாரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "மட்டமுன்னுதானுங்க சொன்னேன். போலின்னு நான் எங்கீங்க சொன்னேன்? இந்தத் தலை போட்ட காசெல்லாம் இப்படித்தான் இருக்கும், சர்க்கார் அடிச்சதே அப்படித்தான்னு சொல்ல வந்தேன். நீங்க நிக்கலீங்களே" என்றார். அவர்மேல் கோபம் வந்தது. அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது என்றும் தெரிந்தது. ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும். ஒரே ஒரு நிமிடம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிணத்துக்கடவு போனேன். மூன்று ரூபாயும் சாவியும் ஒரே கைக்குட்டையில் இருந்தன. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது டிரைவரைத் திட்டினேன். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றும் இருந்தது, போய்ச் சேரவே கூடாது என்றும் இருந்தது.

நங்கை களத்தில் கொப்பரைத் தேங்காய்களை வெயிலுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க அம்மணி" என்று ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தாடி ராஜா, தாடியில்லாத ராஜா, போர், பாதி வெள்ளி, ஓரத்துப் பள்ளம், மட்டம், போலி. பேசப் பேச மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை முழுதாகச் சொல்லி முடித்தேன். அவரும் குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டார்.

"நீங்க எடுக்கலீங்க நங்கையா. நான்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றேன்.

அவர் ஒரு கொப்பரையைத் திருப்பி வைத்தார்.

"இதை எங்கிட்ட எதுக்குங்க அம்மணி சொல்றீங்க? நான் எடுக்கலீன்னு எனக்குத்தான் அப்பவே தெரியுமுங்களே. தெரிஞ்சுக்க வேண்டியவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க."

குரலில் குத்தல் இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரல்தான். அந்தச் சாக்கில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி நாலு நாளும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய கை அது. ஊட்டிய கையைத் திருட்டுக் கை என்று நினைத்துக்கொண்டே அம்மா விழுங்கியிருக்கிறார். அப்படி நினைக்க வைத்தவள் நான். யாரிடம் போய் இதைத் திருத்துவது?

சாவியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. "உள்ள ஆணியில மாட்டிப்போடுங்க" என்றார். மாட்டினேன். பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுபோல் அது தொங்கியது. இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

திரும்பும்போது பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். பையில் முருங்கைக்காயும் இரண்டு தேங்காயும் வைத்தார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். இப்போது சொல்வார், இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். தூரத்தில் பஸ் தெரிந்தது. நெருங்கி வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பார்த்துப் போயிட்டு வாங்க அம்மணி" என்றார்.

அதன் பிறகு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். என் மகள் அந்த வீட்டில் எதையாவது கொட்டினால், உடைத்தால், அவளிடம் போச்சாது சாமி என்று சிரிப்பார். பக்கத்தில் நிற்கும் என்னிடம் அந்தச் சொல்லை அவர் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.